உறவினர் எவரும் இல்லை என்று எழுதிய விண்ணப்பம் குறித்து

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. வயது 61. பேருந்துப் பணிமனைக்குப் பின் தெருவில், மாவு மில் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறேன். தையக்காரம்மா என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணவர் இல்லை. வெளிநாட்டில் இறந்துபோன என் ஒரே மகனின் உடலை என்னிடம் ஒப்படைக்க வேண்டி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் மகன் ஆறு வருடமாக அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்து வந்தான். போன வருடம் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்ததால் அவனால் ஊருக்கு வர முடியவில்லை. ஆகவே நானே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்து சுற்றுலா விசா ஏஜென்டிடம் போனேன். அவர் பேச்சைக் கேட்டால் டிக்கெட் இல்லாமலே ஊர் சுற்றி வந்துவிடலாம். அந்த நாட்டில் உறவினர் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் அவரே இல்லை என்று எழுதினார். "மகன் இருக்கான்னு போட்டா, அங்கேயே தங்கிடுவீங்கன்னு விசா தர மாட்டாங்கம்மா. யார் கேட்டாலும், யாரையும் தெரியாதுன்னே சொல்லுங்க" என்றார். என் மகனுக்கும் போன் போட்டு அதையே சொல்லி வைத்தார். வேதவாக்கு மாதிரி நானும் தலையாட்டினேன். வேறு யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்காதது என் புத்திகெட்டதனம்.

அதன் பிறகு விசா வந்து, சென்ற மாதம் 4ஆம் தேதி காலை அங்கே போய் இறங்கினேன். திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு எல்லாம் சரியாக இருந்தன. விமான நிலைய அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்ததில் நான் தைத்த ஆண்கள் சட்டை ஐந்து இருந்தன. யாருக்கு என்று கேட்டதற்கு, இங்கே எனக்கு யாரையும் தெரியாது என்றேன். அதன் பிறகு என்னைத் தனி அறையில் உட்காரவைத்து, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கொண்டு விசாரித்து, என் போனில் கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டு, வெளியே எனக்காகக் காத்திருந்த என் மகனை உள்ளே அழைத்து வந்தார்கள்.

பாதியாக இளைத்திருந்தான். அந்தச் சட்டைகளை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் பிடிக்க வேண்டியிருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. இவர் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவனைக் கேட்டதற்கு, என் முகத்தைப் பார்க்காமல், "இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது சார்" என்றான். இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். பொய்த் தகவல் தந்ததாக என்னை அன்று மாலையே திருப்பி அனுப்பினார்கள். விமானத்தில் ஏற்றும்போது அந்த ஊழியர், "மகன்னு எழுதி, அவர்கிட்ட ஒரு அழைப்புக் கடிதம் வாங்கியிருந்தா விட்டிருப்பாங்களேம்மா" என்றார்.

இந்த மாதம் 11ஆம் தேதி என் மகன் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உடலைக் கேட்டதற்கு, அந்த நாட்டு அதிகாரிகள், இருவரும் ஒருவரையொருவர் தெரியாது என்று கையெழுத்திட்டிருப்பதால் விளக்கம் வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றிதழை இத்துடன் கொடுத்துள்ளேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. நான் அங்கே சொன்னது பொய். அவன் நான் பெற்ற பிள்ளை. அவன் என்னைத் தெரியாது என்று சொன்னதும் பொய்தான்; அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)