தெருவில் ஓடும் ஒரே தறி

வெயிலில் நிற்க வேண்டாம் சார், உள்ளே வந்து உட்காருங்கள். இந்த நேரத்தில் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். மெட்ராஸிலிருந்து பஸ் வந்து, ஊர் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய், கல் சுட்டு, நிழல் தேடி இந்தச் சன்னதித் தெருவுக்குள் நுழைய இன்னும் நேரம் இருக்கிறது. காப்பி சொல்லட்டுமா? வேண்டாமென்றால் சரி.

தர்மன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னதைச் சொன்னீர்கள். என் கடைத் தறிக்காரன் உமாபதிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தைப் பற்றி அவன் சொன்னது சரிதான். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் தர்மன் மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவன். என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்ல வரும், எதற்காக நடந்தது என்று சொல்ல வராது. அதை நான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வசதியில் பிறந்தவன் இல்லை. பக்கத்தில் கூரம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மீசை முளைப்பதற்குள் பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறைக்கு விறகு சுமக்க வந்துவிட்டேன். அங்கே அண்டாவில் சோப்புத் தண்ணீர் கொதிக்கும். பட்டு நூலை அதில் போட்டுக் கம்பால் புரட்டி, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பிழிய வேண்டும். கையில் தோல் உரியும். உரிந்த இடத்தில் சாயம் ஏறும். நான் தாலி கட்டிய கை ஊதா நிறத்தில் இருந்தது. ஏதோ வியாதி என்று மாமியார் வீட்டில் பயந்துபோனார்கள். அப்படிப் பிழிந்து பிழிந்துதான் இந்தத் தெருவில் ஒரு கடை பிடித்தேன். அடுத்தவன் உழைப்பைத் தின்று பெருத்தவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நான் வந்தபோது இந்தத் தெருவில் ஒரு ஏற்பாடு இருந்தது. புடவைக் கடை என்றால் வாசல் அறையில் ஒரு தறி ஓட வேண்டும். அழகுக்காக இல்லை, வியாபாரத்துக்காக. வெளியூர்க்காரன் கண்ணெதிரே நெய்வதைப் பார்த்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வாங்குவான். காஞ்சிபுரத்துக்கு அவன் வருவதே அதற்குத்தான். சாமி எல்லா ஊரிலும் இருக்கிறது.

பிறகு ஒவ்வொருவராகத் தறியைப் பிரித்துப் பரணில் போட்டார்கள். கால் விடுகிற குழியை மண் போட்டு மூடிச் சிமெண்ட் பூசினார்கள். எதிர்க்கடை சீனிவாசன் கண்ணாடிக் கதவு வைத்தான், ட்யூப் லைட் போட்டான், மில் துணியும் பிளாஸ்டிக் கோபுரமும் அடுக்கினான், வருகிறவர் கையைப் பிடித்து இழுக்க வாசலில் ஆள் நிறுத்தினான். அப்புறம் பம்பாய்ப் பார்ட்டி ஒருத்தர் வந்து, வரிசையாகக் கடைகளை வாங்கி இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகக் கேட்டார். கடைக்காரர் சங்கத்துக்கு நான் தலைவன். கூட்டம் போட்டேன்.

"இன்னா வீரபத்திரா, நீ தறிய வச்சிக்கினு சர்க்கஸ் காட்டிக்கினு இருக்கிற. அதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா?" என்றான் சீனிவாசன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. "என் கடைல தறி ஓடுற வரைக்கும் யாரும் வெளியாளுக்குக் கடைய வுடக் கூடாது. என் தறி நின்னுபோச்சுன்னா மொதல்ல நானே வித்துட்டுப் போயிடுறேன். சம்மதமா?" என்றேன்.

சம்மதித்தார்கள். அதிக நாள் ஓடாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அன்றிலிருந்து இந்தத் தெரு ஒரு தறியை நம்பி நின்றது. அந்தத் தறி உமாபதியை நம்பி நின்றது.

ஊரில் தறிக்காரருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிதான். ஆனால் கடை வாசலில் வந்து உட்காரச் சொன்னால் ஒருத்தன் வர மாட்டான். "வூட்ல நெய்யுறோம்பா. கடைல உக்காந்து வேடிக்கை காட்ட நாங்க இன்னா கரடியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். உமாபதியும் அவன் பெண்டாட்டி வடிவாம்பாளும்தான் வந்தார்கள். உமாபதி கை பாட்டுக்கு நெய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒரு வடக்கத்தி அம்மாள், இந்தப் புடவை முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். "நீங்க பார்த்துக்கினு இருந்தா பத்து நாள், போயிட்டீங்கன்னா ஏழு நாள்மா" என்றான். கைடு அதை இந்தியில் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு வந்தவர்களில் வெறுங்கையோடு போனவர் யாருமில்லை. அடுத்த வருஷம் வந்தவர்கள் கோயிலைக் கேட்பதற்கு முன்னால் அவனைக் கேட்டார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம் தறிமேல் துணியைப் போர்த்திவிட்டு என் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணே, நான் கெளம்பலாம்னு இருக்கிறேன்."

"எங்கப்பா?"

"ஆவடி பக்கம் ஒரு பேக்டரில ஆள் எடுக்குறாங்கோ. எங்க மச்சான் அங்கதான் இருக்கிறான். மிஷின் பக்கத்துல நின்னுக்கினு பார்த்துக்கினா போதுமாம். ஞாயித்துக்கெழம லீவு."

"இங்க உனக்கு இன்னா கொற வச்சேன்?"

"கொற இல்லண்ணே. சலிச்சிப்போச்சி. நெய்யுறது சலிக்கல. எந்நேரமும் யாரனா தலமாட்டுல நின்னு பார்த்துக்கினே இருக்குறாங்கோ. கனவுல கூட போட்டோ புடிக்கிறாங்கோ. வடிவு சொல்லுது, நான் தூக்கத்துல சிரிக்கிறேனாம்."

கூலியை ஏற்றித் தருகிறேன் என்றேன். என் பின்கட்டிலேயே வீடு தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினானே தவிர இசையவில்லை. போகிறவன் அப்படியே போயிருக்கலாம். "அடுத்த பாவு ரெடியா இருக்குதில்ல, அத்த ஓட்டித் தறில ஏத்திக் குடுத்துட்டுப் போறேண்ணே. பாதில வுட்டுட்டுப் போனான்னு பேர் வாணாம்" என்றான். அவன் குணம் அது.

நான் கோபப்படவில்லை சார். யோசித்தேன். நின்று செய்கிற வேலை என்றான் இல்லையா, அது எனக்குள் தங்கிவிட்டது.

எங்கள் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழிக்குள் கால் விட்டு மிதித்துக்கொண்டு, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு ஓட்டுவார். இன்னொருவர் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்து கரைக்கு மட்டும் நாடா தள்ளுவார். அவருக்குக் கை போதும். கால் வேண்டியதில்லை. அதுவரை குழியில் உமாபதி, பலகையில் வடிவாம்பாள். இடம் மாறி உட்கார்ந்தாலும் தறி ஓடும். சாப்பிடும்போது, குளிக்கும்போது, சாமி கும்பிடும்போது கூட இதைத்தான் யோசித்தேன். சுலபமாக எடுத்த முடிவு இல்லை.

நீங்கள் எந்த ஊரோ தெரியாது, பாவு ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நீளவாக்கில் போகிற நூல் அத்தனையையும் விடியற்காலையில் தெருவில் நீட்டுவார்கள். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கோலில் சுற்றி ஒரு ஆள் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடிப்பான். மற்றவர்கள் கஞ்சி தெளித்து, நூல் நூலாகப் பிரித்துவிடுவார்கள். கோலைப் பிடித்தவன் கையை விட்டால் போச்சு. ஈர நூல் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு, அத்தனை பட்டும் குப்பை. அதனால் பாவு நீட்டிய தெருவில் வண்டி வராது. எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் முனையில் நின்று காத்திருந்துதான் போவார். வண்டியை மறிக்கத் தெருமுனையில் ஒரு ஆளை நிறுத்துவார்கள்.

அன்றைக்கு மறிக்க நின்றவன் நான்.

தர்மன் விறகு ஏற்றிக்கொண்டு வந்தான். பாரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். நான் கையைத் தூக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டேன். "கால் பக்கம்தான்பா. கைகிட்ட சக்கரம் போவக் கூடாது, கை முக்கியம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன். அதில் தர்மனைக் குறை சொல்ல முடியாது. சொன்ன இடத்தில் சக்கரத்தை விட்டான். அதற்காக அவனுக்கு ஒரு ஜோடி மாடு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் உண்மைதான்.

உமாபதி கோலை இழுத்துப் பிடித்துக் கம்பத்தைப் பார்த்து நின்றிருந்தான், வண்டிக்கு முதுகைக் காட்டி. சக்கரச் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் பாவைக் கண்டால் வண்டி நின்றுவிடும் என்றுதானே இந்த ஊரில் யாரும் நினைப்பார்கள். கஞ்சி தெளித்தவர்கள் பார்த்துவிட்டு, "டேய் உமாபதி, வுட்டுட்டு ஓடுடா" என்று கத்தினார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் ஒரு எட்டு குதித்திருந்தால் போதும். குதிக்கவில்லை. கோலை இன்னும் இழுத்துப் பிடித்தான். விழுந்தும் விடவில்லை. ஆட்கள் ஓடிவந்து அவன் விரலைப் பிரித்துக் கோலை வாங்கிய பிறகுதான் வாய் திறந்து கத்தினான். அத்தனை அமளியிலும் பாவில் ஒரு நூல் கலையவில்லை. அந்தப் பாவில் நெய்த புடவைகளை நானே விற்றேன்.

அவன் விட மாட்டான் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். நான் அவனுக்கு ஒரு வழி விட்டிருந்தேன். பாவை விட்டுவிட்டுக் குதித்திருந்தால், சரி, இவன் பேக்டரிக்குத்தான் லாயக்கு என்று நானே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தீர்மானித்தது அவன்தான்.

இடது காலை எடுத்துவிட்டார்கள். வலது கால் இருக்கிறது, ஊன்ற வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. சீனிவாசன் ஒரு மாதிரியாக வந்து நின்றான். "இன்னாபா, உன் தறி நின்னுபோச்சே" என்றான். "கொஞ்சம் பொறு" என்றேன். புண் ஆறியதும் வடிவாம்பாள் குழிக்குள் இறங்கினாள், உமாபதி பலகையில் உட்கார்ந்தான். தறி ஓடியது. பம்பாய்ப் பார்ட்டி வேறு ஊர் பார்க்கப் போய்விட்டார். இந்தத் தெருவில் இன்றைக்கும் லாட்ஜ் இல்லை. சுற்றிப் பாருங்கள், ஓடு எல்லாம் அதே ஓடு. எதிர்க்கடைக்காரன் கூட வேறு வழியில்லாமல் பரணிலிருந்து தறியை இறக்கினான், உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நெய்வதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் உருகிப்போகிறார்கள். முன்னை விட இப்போதுதான் போட்டோ அதிகம் எடுக்கிறார்கள்.

உமாபதி முன்போலப் பேசுவதில்லை, அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, நான் தூக்கி உட்கார வைக்கும்போது கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு வண்டி வந்தது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலப்பா. முதுவைக் காட்டிக்கினு நின்னுட்டேன்."

"ஓகோ" என்றான். நாடாவை எடுத்துக்கொண்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தினமும் ரிக்‌ஷாவிலிருந்து அவனைத் தூக்கி உட்கார வைப்பது நான். பொழுது சாய இறக்கிவிடுவதும் நான். எனக்கும் வயதாகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வேறு ஆளை விட்டது இல்லை. எந்த முதலாளி செய்வான்? ஆவடிப் பேக்டரியில் ஒற்றைக்கால்காரனுக்கு வேலை கொடுப்பார்களா? நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவனுக்குச் சோறு உண்டு என்று வடிவாம்பாளிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நேற்று தர்மன் அவளையும் கூப்பிட்டு அனுப்பிச் சொன்னானாமே. நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் கடை மூடுகிற நேரத்துக்கு வந்தாள், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தறிகிட்ட இருந்துவிட்டு வருகிறோம், இன்றைக்கு நானே இறக்கிக்கொள்கிறேன் என்றாள். கடைச் சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் ரிக்‌ஷாக்காரன் வந்து, "வூடு பூட்டிக்கினு இருக்குது மொதலாளி, சாமான் ஒண்ணும் காணோம்" என்றான். சுண்ணாம்பு அடிக்க ஏறக்கட்டி வைத்திருப்பார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு அவளால் எவ்வளவு தூரம் போக முடியும்? எப்படியும் பஸ் வருவதற்குள் வந்துவிடுவான். வந்ததும் நான் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அப்புறம் உங்களோடு ஜீப்பில் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அதுவரைக்கும் இருங்கள்.

அந்தத் துணியை எடுக்காதீர்கள் சார். சரி, எடுத்துவிட்டீர்கள், பாருங்கள். அரைப் புடவை நெய்திருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பாவு நேராக அறுந்து தொங்குகிறது. எலிதான் கடித்திருக்கும். கத்தரி வைத்தது மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். இல்லை சார், எலிதான். காலே போனாலும் பாவை விடாதவன், அவனா அறுப்பான்?