உயிரோடிருக்கும் மருதாயிக்கு நன்றியுரை

மழை மேகத்தையும் மைக் செட்டையும் ஒருசேரச் சமாளித்தபடி இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மாதர் சங்கத் தலைவி கிருஷ்ணகுமாரி அம்மா அவர்களே! கொழும்பிலிருந்து வளைவுக்கு வளைவு தலைசுற்றி வந்து, களைப்பைக் காட்டாமல் வீற்றிருக்கும் பிரதம விருந்தினர், கம்பனியின் மக்கள் தொடர்புப் பணிப்பாளர் கிருஷ்ணராஜ் ஐயா அவர்களே! பெல்மதுளையில் துணிக்கடையை மூடிவிட்டு வந்திருக்கும் கபூர் நானா அவர்களே! காலையில் கொழுந்து பறித்த கையோடு, காலையில் பேர் கூப்பிடும் இந்தப் பிரட்டுக் களத்தில் காலை மடக்கி அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தோட்டத்துப் பெரியோர்களே! விசிலடிக்கலாமா வேண்டாமா என்று பின்வரிசையில் ஆலோசனை நடத்தும் தம்பிமார்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் மருதாயி அம்மா அவர்களே! உங்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"உயிரோடு" என்றதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு நான் கோபப்படப் போகிறேன்.

என் பெயர் கலைச்செல்வி. கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இன்று கொழும்பில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை. இந்தத் தோட்டத்துக் கம்பனியின் பெயரைக் கட்டிக் காப்பது எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தம். எங்கள் பரப்புரை ஒன்றுக்கு விருது கிடைத்திருக்கிறது. அதற்கு இங்கே பாராட்டு விழா. அழைப்பிதழில் எனக்கு நன்றியுரை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாருக்குச் சொல்வது என்பதில்தான் எனக்கும் அழைப்பிதழுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்.

மேடைக்கு வருமுன் இந்தப் பக்கத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக் கேட்டார். "புள்ள, கொழும்புல என்னா வேல பாக்குற?" என்றார். "கம்பனிக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்குற வேலம்மா" என்றேன். "ஏன், அதுக்குன்னு சொந்தமா ஒண்ணும் இல்லியா?" என்றார்! அம்மா, கைதட்டாதீர்கள், கேட்டது நீங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்!

இந்தத் தொழிலில் ஒரு தெய்வம் உண்டு. அதன் பெயர் ட்ரெண்ட். திங்கட்கிழமை தோறும் குளிரூட்டிய அறையில் அதற்குப் பூசை. உலகில் இப்போது எது ஓடுகிறது, எது ஓய்ந்தது, யார் எதைப் போட்டார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாதவன் இந்தத் தொழிலில் பிழைக்க மாட்டான். நானும் தெரிந்துகொள்கிறேன். கற்பது குற்றமா? காலத்தோடு நடப்பது குற்றமா? இல்லவே இல்லை! ஆனால் காலத்தோடு நடக்கிறேன் என்று கிளம்பியவன், கண்முன்னே நிற்கும் மனிதரை மிதித்துக்கொண்டு நடந்தால், அதைக் குற்றம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஓர் ஆண்டு, விளம்பரத்துக்குப் படம் பிடிக்க வந்தவர்கள் இங்கே கொழுந்து பறிக்கும் மருதாயி அம்மாவைச் சிரிக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு சிரிப்பு ட்ரெண்ட். அட்டைக் கடியோடு நின்று, பல் வலிக்கச் சிரித்தார். அடுத்த ஆண்டு வந்தவர்கள், "சிரிக்காதீங்கம்மா, இயல்பா இருங்க" என்றார்கள். அந்த ஆண்டு சிரிக்காமல் இருப்பது ட்ரெண்ட். "ஏன் தம்பி, போன வருசம் சிரிச்சது சரியா வரலியா?" என்று கேட்டார் அவர். சிரிக்காத முகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த முகத்தை என்ன செய்தார்கள்? தோட்டம் தொடங்கியதன் ஆண்டு விழா வந்தது. வர்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளைதான் இந்த ஆண்டின் அழகு என்று வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் திரையில் காட்டிவிட்டார். போதாதா? மருதாயி அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம்! அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள்! பெல்மதுளைச் சந்தியில் ஆளுயரத்துக்கு மேலே அதை நிறுத்தினார்கள். கீழே மும்மொழியிலும் ஒரு வாசகம்: "மருதாயி. என்றென்றும் எங்கள் நெஞ்சில்." இந்த நாட்டில் ஒரு பலகையில் தமிழ் பிழையில்லாமல் வருவது அபூர்வம். அன்றைக்குப் பார்த்து ஒரு பிழையும் இல்லை! அதோடு விட்டார்களா? சந்தியிலிருந்து தோட்டம் வரைக்கும் பாதை நெடுக, இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி.

ஆமாம் தாயே, நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. வெள்ளைக் கொடி கட்டினால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? தமிழனுக்குத் தெரியாதா, சிங்களவருக்குத் தெரியாதா, முஸ்லிமுக்குத் தெரியாதா? அதைக் கட்டியவர்கள் நிலவிலிருந்தா இறங்கி வந்தார்கள்? அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கும், அவர்கள் தெருவிலும் கொடி கட்டியிருக்கும். எல்லாம் தெரிந்தவர்கள்தான். ட்ரெண்ட் என்று ஒருவர் சொன்னதும் அத்தனையும் மறந்துபோனது. சிரிப்பை விடுங்கள், இதற்காகத்தான் நான் கோபப்படுகிறேன்.

மருதாயி அம்மாவின் தம்பி ஏழுமலை அண்ணன் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். அன்று காலை பெல்மதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். கூடப் பிறந்தவளின் முகம். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டு ஓடி வந்தவர் கபூர் நானா. அவரும் அண்ணாந்து பார்த்தார். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டுமே, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஏழுமலை அண்ணன் தேம்பியபோது, நானா கடைக்குள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. "இதத்தான் தங்கச்சி ஒவ்வொரு தீவாளிக்கும் தொட்டுப் பாத்துட்டு, வெச்சிட்டுப் போவா. இதையே போத்துங்க தம்பி" என்றார். நானா, கண்ணைத் துடைக்காதீர்கள். மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பு என்பது இதுதான். எங்கள் தொழிலுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, அந்த வேலையைச் செய்தவர் நீங்கள்.

அண்ணன் தகவல் சொல்ல, நிவித்திகலவிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து, தப்பு மேளத்தோடு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் வெள்ளைக் கொடி. சந்தேகம் வர இடமேது? வேன் ஓட்டிய சிங்களத் தம்பிகூட "அனே பவ்" என்று தன் மொழியில் பாவப்பட்டுக் கண் கலங்கினார். அம்மா குடியிருக்கும் மேல் லயத்துக்கு வந்து, பூட்டிய கதவின் முன்னே விழுந்து அழுகிறார்கள். அப்போது மலையிலிருந்து கொழுந்துப் பையோடு இறங்கி வருகிறார் மருதாயி அம்மா. தன் வாசலில் கூட்டம், தன் வாசலில் தப்பு, தன் வாசலில் ஒப்பாரி. யாரோ தன் வீட்டு ஆள் போய்விட்டார் என்று பையைப் போட்டுவிட்டு, "ஐயோ, யாரு சாமி போனது?" என்று அவரும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்!

ஏழுமலை அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அக்கா!"

"சொல்லுடா, யாருடா செத்தது?"

"நீதான்க்கா!"

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். யாரோ ஒரு பிள்ளை அதைக் கைபேசியில் எடுத்துப் போட, அது நாடெங்கும் ஓடியது. அந்த ஓட்டத்தில் எங்கள் அலுவலகத்துத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். "கலைச்செல்வி, நீங்க எஸ்டேட் ஆள்தானே, போய் ஒரு சின்ன வீடியோ எடுத்துட்டு வாங்க. உயிரோட இருக்கேன்னு அவங்க சொன்னாப் போதும்." நிறுவனத்தில் சேர்ந்த நாள் முதல் என்னிடம் கருத்துக் கேட்காதவர்கள், தீப்பிடித்த பிறகு தண்ணீர்க் குடம் தூக்கக் கூப்பிட்டார்கள்.

வந்தேன். மருதாயி அம்மா சொன்னார்: "சொல்றேன் புள்ள. உசுரோட இருக்கேன்னு சொல்றேன். ஆனா எங்க இருக்கேன்னும் சேத்துத்தான் சொல்லுவேன்." லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். மேட்டு மண் வெடித்துக் கிடக்கிறது. கை நுழையும் வெடிப்பு. மழை பலத்தால் இங்கே இருக்கக் கூடாது என்று அரசாங்க அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போவது? அதை யாரும் சொல்லவில்லை. கீழ்மலையில் கம்பனிக்குச் சமதரை கிடக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள் மேல் லயத்துக் குடும்பங்கள். வெடிப்புக்குப் பக்கத்திலேயே நின்று, கமெராவைப் பார்த்து அவர் பேசினார். முதலில் ஒரு வரி, அடுத்து இன்னொரு வரி.

வெளிவந்த வீடியோவில் என்ன இருந்தது தெரியுமா? "நான் உசுரோட இருக்கேங்க." அவ்வளவுதான்! மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "நீளமான வீடியோவை இப்போது யாரும் பார்ப்பதில்லை" என்றார்கள். ஒரு பெண் தன் உயிருக்குப் பயந்து சொன்ன வரி, நீளமாகிப் போயிற்றாம்! படத்தில் பெரிது, பலகையில் பெரிது, வாய் திறந்தால் மட்டும் நீளமா? உங்கள் கத்தரிக்கோலுக்கு அந்த வரிதானா கிடைத்தது?

அதன் பிறகு நடந்ததுதான் உச்சம். அத்தனை பேர் பார்த்தார்கள், அத்தனை பேர் அழுதார்கள் என்று கணக்குக் காட்டி, ஆண்டின் மிகச் சிறந்த உணர்வுபூர்வப் பரப்புரை என்று விருது வாங்கிவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் ரோட்டில் விழுந்து அழுதது எங்கள் சாதனை! கொழும்பு ஹோட்டலில் விருந்து நடந்தது. மருதாயி அம்மாவுக்கு அழைப்பில்லை. அவர் முகம் மட்டும் போயிருந்தது.

ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. "சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன் ஐயா. இந்த மேடையிலும் நீளம்தானா பிரச்சினை? தலைவி அம்மா சிரிக்கிறார்கள். "பேசு புள்ள, மைக் சங்கத்துக் காசுல எடுத்தது" என்கிறார்கள். நன்றி அம்மா!

கிருஷ்ணராஜ் ஐயா, நீங்கள் கைபேசியைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். பின்வரிசைத் தம்பிமார்கள் கைகளைத் தூக்கிப் பிடித்திருப்பது எனக்கு மாலை போட இல்லை. நேரலை போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டின் ட்ரெண்ட் நேரலை என்று எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வந்து நீங்கள்தான் சொன்னீர்கள். கற்றுக்கொண்டேன் ஐயா. நேரலையில் ஒரு வசதி இருக்கிறது. அதை வெட்ட முடியாது.

மருதாயி அம்மா, எழுந்து வாருங்கள். அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். மைக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள் தம்பி.

"நான் உசுரோட இருக்கேங்க. எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. பெரிய மழை வந்தா இருப்பேனான்னு தெரியாதுங்க."

கேட்டீர்களா? இவ்வளவுதான் அந்த நீளம்!

ஐயா, விருதை இந்த அம்மாவின் கையில் கொடுத்துப் படம் பிடிக்கப் போகிறீர்கள். கொடுங்கள். அதை வைக்க ஒரு சுவரும் கொடுங்கள். வெடிக்காத மண்ணில் நிற்கும் சுவராகக் கொடுங்கள். கீழ்மலைத் தரையை மேல் லயத்துக்கு அளந்து கொடுக்கும் நாளை இந்த மேடையிலேயே சொல்லுங்கள். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, நான் கவலைப்படவில்லை. வேலை போனால் வேறு தேடிக்கொள்வேன். மேல் லயம் போனால் எங்கே போய்த் தேடுவது?

இனி என் நன்றி. கடையைத் திறந்து கோடி கொடுத்த கபூர் நானாவுக்கு நன்றி. அக்காவுக்காக ரோட்டில் விழுந்த ஏழுமலை அண்ணனுக்கு நன்றி. வெட்டுப்பட்ட வரியை மறக்காமல் வைத்திருந்த மருதாயி அம்மாவுக்கு நன்றி.

அவர் உடுத்தியிருக்கும் சேலையைக் கொஞ்சம் பாருங்கள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அதேதான்! கோடியை உயிரோடிருப்பவர் உடுத்தக் கூடாது, ஆற்றில் விடு என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "எனக்குன்னு எடுத்த சீல. செத்த பொறகு கட்டுனா நான் எங்க பாக்குறது? இப்பவே கட்டிக்கிறேன்" என்றார்.

கிருஷ்ணராஜ் ஐயா, அந்தச் சேலை ஒரு வேலைக்காக இந்தத் தோட்டத்துக்கு வந்தது. அந்த வேலையை அது இன்னும் செய்யவில்லை. மழைக்காலம் வருகிறது. அதற்கு அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வணக்கம்.