அமெரிக்காவில் அரை ஓட்டு

கிள்ளானில் கொமுட்டர் ரயில் புறப்பட்டதுமே எதிர் இருக்கை அங்கிளுக்கு அந்த யோசனை வந்துவிட்டது.

"அமெரிக்கா எலெக்‌ஷன்ல நமக்கும் அரை ஓட்டாவது குடுக்கணும்லா!"

பக்கத்திலிருந்த அவர் மனைவி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், உங்க மச்சான் நிக்கிறாரா அங்க?"

"எங்க பேக்டரி சோபா பூரா அங்கதான் போகுது. அவங்க ஓட்டுப் போட்டாங்க, வரி ஏறுச்சு, என் ஓவர்டைம் போச்சு. சண்டைய ஆரம்பிக்கிறதும் அவங்க, நிறுத்துறதும் அவங்க. நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"அரை ஓட்டுக்கு மை எங்க வெப்பாங்க? அரை நகத்துலயா?"

சிரிப்பை மறைக்க நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போன எலெக்‌ஷன்ல கிள்ளான் ஸ்கூல்ல ஒரு மணி நேரம் வரிசையில நின்னீங்களே, மை வெச்சாங்களா?" மனைவி விடவில்லை.

அங்கிளின் குரல் இறங்கியது. "ஐசி கார்டுல பழைய செந்தூல் வீட்டு அட்ரஸ் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"வீடு மாறி எட்டு வருஷமாச்சு. உங்க முழு ஓட்டு இன்னும் செந்தூல்லயே கெடக்கு. நீங்க அமெரிக்காவுல அரை ஓட்டு கேக்குறீங்க!"

"மாத்தணும்தான். எங்க நேரம்?"

மனைவி கைப்பையைத் திறந்து கரண்ட் பில்லை எடுத்துக் கணவரின் மடியில் வைத்தார். "பின்ன எதுக்கு இன்னைக்கு லீவு போடச் சொன்னேன்? ஐசிய எடுங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி அட்ரஸ் மாத்துற ஆபீசுக்குப் போறோம்."

அங்கிள் எழுந்து கதவருகே போய் நின்றார்.

"சரி, மொதல்ல கிள்ளான். அமெரிக்காவ அப்புறம் பாத்துக்குவோம்."