மாமா மடிப்பு

பேசுகிறவர்களின் ஆசையைச் சிறு மணி ஒன்றால் அடக்கி ஆளும் அவைத்தலைவர், எங்கள் நூலகர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுமையாக நிரப்பி முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற அச்சத்தை அரைமணி நேரம் மறந்து வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அச்சகத்தில் என்னோடு தோளோடு தோள் நின்ற தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் வாசலோரம் நின்றபடி கேட்கும் நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். கைகூப்பாமல் வாயால் மட்டும் சொல்கிறேனே என்று வருந்தாதீர்கள். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்லுவேன்.

இன்று இந்த மேடையிலே வெளியாவது என்ன நூல்? போர்க்களம் பாடும் காவியமா? அரசர்களின் வரலாறா? இல்லை ஐயா, இல்லை. விருந்துக்கு வருகிறவர்களுக்கு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வசதியாக, எளிதாகச் சுருட்டித் தரும் பலகாரங்களைச் சொல்லும் சின்னப் புத்தகம். உருளைக்கிழங்குச் சுருள், முட்டைச் சுருள், முட்டைக்கோஸ் சுருள், வெள்ளரிக்காயைச் சீவி அதற்குள்ளே சீஸ் வைத்த சுருள். அறுபத்து நான்கு பக்கமும் சுருள்தான்.

ரொட்டியைச் சுருட்டுவதற்கு ஒரு புத்தகமா, அதற்கு ஒரு விழாவா, அதற்கு ஒரு மேடையா என்று நேற்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டவர் இங்கேதான் இருக்கிறார். பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். அவருக்கு நான் திருப்பிக் கேட்கிறேன். தட்டு கேட்காத உணவு எது? கரண்டி கேட்காத உணவு எது? உட்கார இடம் கேட்காமல், கை கழுவ வரிசை கேட்காமல், பேச்சை நிறுத்தச் சொல்லாமல் பசியை மட்டும் நிறுத்துகிற உணவு எது? சுருள் அல்லவா! அதைவிட, ஒளிந்து திரிந்த ஒரு மனிதனை இழுத்துவந்து சபையிலே நிறுத்திய உணவு எது? அந்த மனிதன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நூலை எழுதியவர் என் மனைவியின் தங்கை. ஆடைத் தொழிற்சாலையில் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலை. என் மகள் அவரைச் சித்தி என்று அழைத்தாள். கேட்டுக் கேட்டு இந்தக் குடியிருப்பு முழுவதற்கும் அவர் சித்தி ஆகிவிட்டார். அவருக்கு நான் மாமா. அந்த உரிமையில் அவர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. இதோ, இப்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் பாருங்கள்.

நான் அச்சகத்தில் உறை மடிக்கும் பிரிவில் இருந்தவன். கடித உறை, காகிதப் பை, பொட்டலம், எதுவானாலும் விரல் நகத்தால் ஒரு இழு இழுத்தால் மடிப்பு கத்திபோல் நிற்கும். அந்த வலது கைக்கு ஒரு நாள் நடுக்கம் வந்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முழுதாகப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மடிப்பு மேசையிலிருந்து என்னைச் சரக்கு அனுப்பும் வாசலுக்கு மாற்றினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் ஐயா. தாங்க முடியாதது வேறொன்று.

தோழர் ஒருவருக்குப் பாராட்டு விருந்து. அங்கே சூப் கொடுத்தார்கள். கரண்டி கிண்ணத்தில் தாளம் போட்டது. வெள்ளைச் சட்டையெல்லாம் சூப். யாராவது சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேசையே அமைதியாகிவிட்டது. பக்கத்திலிருந்த நல்ல மனம் கொண்ட அம்மா ஒருவர், கரண்டியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, என் வாயருகே கொண்டுவந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றோடு விருந்துக்குப் போவதை விட்டேன்.

நான்கு வருடம்! அந்த நான்கு வருடத்தில் என் வயிற்றுக்கு வராத நோய் கிடையாது. அழைப்பு வந்தால் அஜீரணம், அவசர அழைப்பு வந்தால் அல்சர். தட்ட முடியாத வீடு என்றால் போவேன். போய், வருகிற வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று வாசலில் நின்று வழிகாட்டுவேன். பந்தி முடியும் வரை வழிகாட்டுவேன். வண்டியே வராத வீட்டிலும் வழிகாட்டியிருக்கிறேன்.

இப்படியிருக்க, என் ஒரே மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாலையில் வரவேற்பு, இரண்டு குடும்பமும் கலந்து நின்று சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. நான் மனத்துக்குள் என் ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். அன்றைக்கும் வாசல்தான், வண்டிதான். பெற்ற மகளின் விருந்தில் ஒரு வாய் சாப்பிடாமல் நிற்கத் துணிந்தேன் என்றால் என் மனம் எவ்வளவு சுருங்கிப் போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அன்னிக்கு வண்டியைப் பாத்துக்க வேற ஆள் வெச்சாச்சு" என்றாள். நான்கு வருடமாக நான் சொன்ன பொய் ஒன்றையும் அவள் நம்பியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தார். ஈரத்துணியில் எதையோ சுற்றி எடுத்து வந்து, பால்கனியில் என்னை உட்கார வைத்து, "மாமா, தட்டும் வேணாம், கரண்டியும் வேணாம். உங்க கை ஆடினா அதுவும் கூடவே ஆடட்டும். கொட்டாம இருந்தாப் போதும்ல?" என்றார். பிரித்தால் மெல்லிய ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்கு மசியல், சுருட்டி வைத்திருக்கிறார். எடுத்தேன். கை நடுங்கியது. விழுந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான்! பின்பக்கம் வழியாக மசியல் பறந்தது. பறந்து போய், எதிர்வீட்டு வங்கி அதிகாரி காயப்போட்டிருந்த நீலச் சட்டையில் இறங்கியது. ஐயா மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். என்ன ஐயா, கறை போயிற்றா? போகவில்லை என்று தலையாட்டுகிறார். மன்னியுங்கள். உங்கள் சட்டை ஒரு குடும்பத்தை வாழவைத்தது.

அடுத்த ஞாயிறு ரொட்டி தடிமனாகிவிட்டது. கடித்தால் மொத்தமும் கூடவே வந்தது. அதற்கடுத்த ஞாயிறு முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு ரொட்டியை ஊற வைத்துவிட்டது. உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும் என்று அன்று கண்டுபிடித்தார். சித்தி சளைக்கவில்லை. என் மனைவி சளைத்துவிட்டார். "இன்னும் எத்தனை வாரத்துக்கு உருளைக்கிழங்கு?" என்று கேட்டார்.

நான்காவது ஞாயிறு அவர் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முனையும் திறந்தே கிடக்கிறது. அடி மூடாத பொட்டலத்தில் எந்தச் சரக்கு நிற்கும்? என்னையும் அறியாமல் ரொட்டியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது என் கை. சரக்கை ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தேன். முழங்கையால் பலகையை அழுத்திக்கொண்டு அடிப்பக்கத்தை உள்ளே மடித்தேன். அதன் மேல் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து, பிறகு சுருட்டி, மடிப்பு கீழே படும்படி வைத்தேன். உறை மடிப்புதான் ஐயா, வேறொன்றுமில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் மடித்தது. ஆனால் மடித்துவிட்டது! அந்த மேசையை விட்டு வந்தபின் என் கை ஒழுங்காகச் செய்த முதல் மடிப்பு அது. சித்தி அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒரு துளி சிந்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இத்தனை வாரமா இதை எங்க மாமா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். நான் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஈரத்துணியில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று ஓர் அம்மா கேட்கிறார். அரைமணி நேரம் அம்மா, மடிப்பு கீழே இருக்கட்டும். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

அவைத்தலைவர் மணியடித்துவிட்டார். அம்மா, நன்றி சொல்ல வந்தவனை நடுவழியில் நிறுத்தலாமா? இன்னும் ஐந்து நிமிடம். தலையசைக்கிறார். அதற்கும் நன்றி.

வரவேற்பு நாள் வந்தது. இருநூறு சுருள். சித்தியும் தொழிற்சாலைத் தோழிகளும் காலையிலிருந்து சுருட்டினார்கள். மண்டபத்தில் என் மகள் பக்கத்தில் நான் நின்றேன், நெஞ்சு நிமிர நின்றேன். தட்டு வந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு பல்குத்தும் குச்சி! சித்தி தையல்காரி அல்லவா? குண்டூசி குத்தாமல் எந்த மடிப்பையும் அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. கடைசி நேரத்தில், சபை நடுவே சுருள் பிரிந்து என் மானம் போய்விடுமோ என்று பயந்து, எனக்குக்கூடச் சொல்லாமல் இருநூறுக்கும் குத்திவிட்டார்.

உங்களுக்கு அது ஒரு குச்சி. ஒரு கையால் சுருளைப் பிடித்து, மறு கையால் உருவிப் போட்டுவிடுவீர்கள். எனக்கு? பிடித்த கை நடுங்க, குச்சியின் கூர்முனை என் முகத்துக்கு நேரே ஆட, எதிரே சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால் அதைத் துரத்துகிறேன், அது ஓடுகிறது. உதட்டில் ஒரு குத்து. சூப் சிந்திய அன்றைய அமைதி மறுபடி வரப்போகிறது என்று தோன்றியது. சுருளைத் தட்டிலேயே வைத்தேன். "வண்டியெல்லாம் சரியா நிக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தேன்.

அடுத்து நடந்தது என் மனைவி பிறகு சொல்லித் தெரிந்தது. சமையலறை வாசலிலிருந்து சித்தி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஓடிவந்து, பரிமாறப் போன தட்டுகளையெல்லாம் திருப்பி உள்ளே கொண்டுபோனார். என் மகள் கல்யாண உடையோடு பின்னாலேயே உள்ளே போனாள். அங்கிருந்த என் மனைவியும் சேர, மூவரும் நின்று ஒவ்வொரு குச்சியாக உருவினார்கள். "எல்லாம் பிரிஞ்சு போச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்று என் மனைவி கேட்டார். "பிரிஞ்சா பிரியட்டும் அக்கா, மாமா போயிட்டாருன்னா?" என்றார் சித்தி.

பிரிந்தனவா? ஒன்றாவது பிரிந்ததா? இல்லை! அவர் ஊசியை நம்பினார், ஆனால் மடிப்பு தன்னைத் தானே தாங்கிக்கொண்டது.

நான் வழியில் நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லிவிட்டு, அப்போதுதான் வாசற்படியில் ஒரு கால் வைத்தேன். எதிரே தட்டோடு என் மகள். "எடுத்துக்குங்க அப்பா." எல்லாரும் பார்ப்பார்கள் அம்மா என்றேன். "அவங்களைப் பாருங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுவதும் எல்லாரும் ஒரு கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! ஒரு கையில் சுருள், மறு கையில் குழந்தை. ஒரு கையில் சுருள், மறு கையில் தொலைபேசி. சம்பந்தியின் மீசையில் சாஸ். எல்லாருக்கும் ஒரே கை போதுமாயிருந்த அந்தச் சபையில், என் ஒரு கை தனியாகத் தெரியவில்லை. எடுத்தேன். கடித்தேன். கை ஆடியது, சுருளும் ஆடியது, ஒரு துளி சிந்தவில்லை. எத்தனை சாப்பிட்டேன்? ஏழு! ஏழாவதை எடுக்கும்போது சம்பந்தி, "போதுங்க, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்றார். அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

பெரியோர்களே, இந்த நூலின் அச்சுப்படியைப் பிழை திருத்த என்னிடம்தான் கொடுத்தார்கள். ஐந்தாம் பக்கத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். அடியை மடித்து மூடும் முறைக்குச் சித்தி ஒரு பெயர் வைத்திருக்கிறார். "மாமா மடிப்பு." அதன் பிறகு அறுபத்து நான்காம் பக்கம் வரை எல்லாச் சுருளிலும் அதே சொல்: மாமா மடிப்பாக மடிக்கவும், மாமா மடிப்பாக மடிக்கவும். இந்தக் கை இனி எதற்கும் உதவாது என்று நினைத்து மேசையை விட்டு வந்தவன் நான். இன்று உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளில், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், உங்கள் பத்து விரலிலும் என் மடிப்பு உழைக்கிறது. இதற்கு நான் எப்படி நன்றி சொல்ல? அம்மா சித்தி, எத்தனை சொல்லில் சுருட்டினாலும் என் நன்றி உள்ளே அடங்காது.

இனி அந்தக் காரணம். மேடை ஏறியதிலிருந்து என் வலது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. சாப்பிடுவதற்கு வந்த துணிச்சல் மேடைக்கு இன்னும் வரவில்லை. நூலின் முதல் படியைப் பெற்றுக்கொள்ள என்னை அழைத்திருக்கிறீர்கள். இதோ, கையை வெளியே எடுக்கிறேன். நடுங்குகிறதா? நடுங்கட்டும். பின்வரிசைக்கும் தெரிகிறதா? தெரியட்டும்! அவைத்தலைவர் அம்மா, புத்தகத்தை இந்தக் கையிலேயே கொடுங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி, சிரித்தவர்களுக்கு நன்றி, சட்டை தந்த ஐயாவுக்கு நன்றி. தொடக்கத்தில் பாக்கி வைத்த வணக்கத்தை இப்போது இரு கையும் கூப்பிச் சொல்கிறேன். வெளியே மேசையில் சுருள் காத்திருக்கிறது. ஒன்றிலும் குச்சி இல்லை.

வணக்கம்.