உண்மையைச் சொல்லி ஊசியைக் காப்பாற்றியவர்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்களே, அம்மையாரின் கணவரே, மகளே, செவிலியர்களே, வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். 

நான் இதய அறுவை மருத்துவன். பழுதான வால்வை அகற்றி வேறு வால்வு வைப்பது என் தொழில். நாம் பறிகொடுத்து நிற்கும் பேராசிரியர் அம்மையாரோ, அந்த வால்வு பழுதாகவே கூடாது என்று ஆயுள் முழுக்க ஓடியவர். அதாவது, என் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவர்! அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். "கவலைப்படாதீங்க. உங்க காலத்துக்குக் கேஸ் இருக்கும். உங்க பேரப்பிள்ளைக்குத்தான் இருக்காது" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'உடும்பு' என்று பெயர். மகள் எதிரில் சொல்கிறானே என்று பதறாதீர்கள், அது அவருக்கும் தெரியும். "உடும்பு பிடிச்சா சுவராவது ஏறலாம். நீங்கள்லாம் பிடிச்சு எதை ஏறினீங்க?" என்று ஒரு துறைக் கூட்டத்தில் கேட்டார். அதன்பின் யாரும் அந்தப் பெயரைக் கிசுகிசுக்கவில்லை. சத்தமாகவே சொன்னோம்.

அவர் பிடித்த பிடி எது? குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது, காய்ச்சல் விடுகிறது, வீட்டில் மறந்துவிடுகிறார்கள். ஆனால் கிருமியோடு சண்டையிடும் உடம்பு சில சமயம் தன் இதய வால்வையே தாக்கிவிடுகிறது. சிலருக்கு மூட்டு வலி வரும், பலருக்கு வெளியே ஓர் அறிகுறியும் இராது. மாதாமாதம் ஒரு பென்சிலின் ஊசி போட்டு வந்தால் மேலும் கெடாமல் காக்கலாம். நெரிசலான வீடுகளில் வளரும் பிள்ளைகளின் நோய் இது. பணக்கார நாடுகள் இதை மறந்தே போயின. ஒழிந்துவிட்டது என்றார்கள் மாநாடுகளில்! எங்கே ஒழிந்தது? குழந்தையின் நெஞ்சிலிருந்தா? நம் கண்ணிலிருந்தா? இதயத்தைத் திரையில் படமாகக் காட்டும் எக்கோ கருவியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளிப் பள்ளியாகப் போனார் அம்மையார். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காத நோயைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பிடித்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் நான் பேச வந்தது அந்தப் புகழைப் பற்றி அல்ல. எல்லாம் கவிழ இருந்த ஒரு காலத்தைப் பற்றி.

ஒரு பள்ளியில் ஊசி போடும் நாள். பதினொரு வயதுப் பெண். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வெயிலில் வரிசையில் நின்று வந்தவள். ஊசி போட்டுச் சற்று நேரத்தில் பெஞ்சிலிருந்து சரிந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் வரவில்லை. மதியத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: கொலைகார ஊசி! மாலையில் நம் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம், கல்வீச்சு. எந்தப் பள்ளியிலும் ஒரு தாயும் பிள்ளையை ஊசிக்கு அனுப்பவில்லை.

அன்றைய இயக்குநர் அவரைக் கூப்பிட்டார். "மருந்து கெட்டுப்போச்சுன்னு ஒரு அறிக்கை குடுத்துடுங்கம்மா. கம்பெனி பாத்துக்கும். நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன்."

"கெட்டுப்போச்சான்னு உங்களுக்குத் தெரியுமா, சார்?"

"தெரியாது. ஆனா யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

காரணம் தெரிய வேண்டுமென்றால் பிரேதப் பரிசோதனை வேண்டும். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். போலீஸை வைத்துச் சம்மதம் வாங்கலாம் என்றது நிர்வாகம். அம்மையார் மறுத்தார். நேரில் போய்க் கேட்பேன் என்றார். போகாதீர்கள் என்றோம். கேட்டாரா? உடும்பாயிற்றே! தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

குறுகலான படிக்கட்டு. மூன்றாவது மாடி. வாசலிலிருந்து படிக்கட்டின் பாதிவரை செருப்புகள். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பேருந்து ஓட்டுநரான அந்தத் தகப்பன் எழுந்து வந்தார். அம்மையாரின் கைப்பையைப் பிடுங்கிப் படிக்கட்டில் விசிறினார்.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? இன்னொண்ணு இருக்கு, அதையும் கொல்லணுமா?"

நான் பின்வாங்கினேன். அம்மையார் நின்ற இடத்திலேயே நின்றார். "உங்க பொண்ணு எதனால செத்தான்னு எனக்குத் தெரியலை. தெரியும்னு சொன்னா பொய். உள்ள பாத்தாத்தான் தெரியும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தாய் தலை நிமிர்ந்தாள். "பாத்தா எம்பொண்ணு எந்திரிச்சு வருவாளா?"

"வரமாட்டாம்மா."

"பின்ன எதுக்கு?"

"அதே பள்ளிக்கூடத்துல இன்னும் எத்தனையோ பேருக்கு அதே ஊசி. போடுறதா நிறுத்துறதான்னு எனக்குத் தெரியலை. ரெண்டுலயும் பிள்ளை சாகலாம்."

 கூட்டத்தில் ஒருவர் நாற்காலியைத் தூக்குவதைப் பார்த்தேன். அந்தத் தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். "பாருங்க. ஆனா நீங்க கூடவே நிக்கணும். என்ன தெரிஞ்சாலும் நேரா எங்கிட்ட வந்து சொல்லணும். மறைக்கக் கூடாது."

பரிசோதனை முடியும்வரை அம்மையார் அசையாமல் நின்றார். மருந்து ஒவ்வாமையின் தடயம் எங்கும் இல்லை. ஆனால் அந்த இதயம்! இரண்டு விரல் நுழைய வேண்டிய வால்வில் ஒரு பென்சில் நுழையாது. வெறும் வயிறு, வெயில், ஊசியின் வலி, பயம். இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்திருக்கிறது. நல்ல இதயம் என்றால் மயங்கி எழுந்திருப்பாள். இந்த இதயத்தால் மீள முடியவில்லை. மூட்டு வலி, காய்ச்சலை வைத்தே அவளுக்கு ஊசி எழுதியிருந்தோம்; எக்கோ வேன் அந்தப் பள்ளிக்கு இன்னும் போகவில்லை. நோய் இவ்வளவு முற்றியிருந்தது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியின் வழக்கறிஞர் கெஞ்சினார். "மேடம், விசாரணை முடியிறவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

மறுபடியும் அதே படிகள். தாயிடம் சொன்னார். "மருந்து விஷமில்லம்மா. ஆனா இதயம் இவ்வளவு கெட்டிருக்குன்னு நாங்க கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சிருந்தா ஊசி போட்டிருக்க மாட்டோம், மாத்திரை குடுத்திருப்போம். தப்பு எங்களோடது."

அந்தத் தாய் முழுதும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை வந்தது. அம்மையாரின் பதவி போனது. பத்திரிகைகள் கிழித்தன. அதைவிடக் கொடுமை, ஊசி நின்ற அந்த மாதங்களில் என் அறுவை மேசைக்கு வந்த பிள்ளைகள்! நோய் முற்றி, மூச்சிரைத்து, தாயின் தோளில் சாய்ந்து வந்தார்கள். சிலரைக் காப்பாற்றினேன். எல்லோரையும் அல்ல.

அம்மையார் என்ன செய்தார்? அழுதுகொண்டிருந்தாரா? புது முறையை வகுத்தார். முதலில் எக்கோ. முற்றிய நோய்க்கு மாத்திரை. மற்றவர்க்குச் சாப்பாடு, தண்ணீர், மரத்துப்போக மருந்து, படுக்கவைத்து ஊசி, அதன்பின் கண்காணிப்பு. விசாரணைக் குழு அவர் பக்கம் நின்றது. திட்டம் மறுபடி தொடங்கியது.

தொடங்கிய அன்று காலை, கட்டில்கள் விரித்துக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. செவிலியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பகல் உச்சிக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். அந்தத் தாய்தான்! கையைப் பிடித்தபடி இளையவன். தெருவின் எதிர்ப்புறம் முதுகைக் காட்டியபடி தகப்பன்.

"இவனுக்கும் மூட்டு வலி, காய்ச்சல். முதல்ல படம் புடிங்க" என்றாள்.

எக்கோவில் நோய் தெரிந்தது. ஆரம்ப நிலை. ஊசி போடலாம்.

"நீங்களே போடுங்க" என்றாள்.

எத்தனையோ ஆண்டுகளாக அம்மையார் ஊசி பிடித்ததில்லை. பையனைப் படுக்க வைத்தார். தாய் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். போட்டார். பிறகு காத்திருந்தோம். நான் எத்தனையோ இதயங்களை நிறுத்தி ஓட வைத்தவன். அந்த அறையில் என் இதயம் அடித்த அடியை என்றும் கேட்டதில்லை. அம்மையாரின் விரல் பையனின் நாடியை விட்டு விலகவே இல்லை.

"எந்திரிக்கலாமா? ஒரே போர்" என்றான் பையன்.

யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் படுடா ராஜா" என்றார். மறுநாள் ஆறு தாய்மார் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் கட்டில்கள் போதவில்லை.

அன்பர்களே, அந்த முறை இன்று பல நாடுகளில் நடைமுறை. உலக மேடைகளில் எல்லோரும் வெற்றியைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவார்கள். அவரோ அந்தச் சிறுமியின் வால்வுப் படத்தைப் போட்டுத் தொடங்குவார். "இவளை நாங்கள் காப்பாற்றவில்லை" என்பதே அவர் முதல் வரி. எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிவு? நமக்கு வருமா?

செயலாளர் அவர்களே, அவர் இல்லாத நிலையில் எக்கோ வேன் ஓடுமா என்று வெளியே பேச்சு இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் வாக்குறுதி கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். என் வாக்கை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் அவர் கட்டிலருகே இருந்தேன். சிறுநீரகங்கள் கைவிட்ட நிலை. பேச்சு முனகலாகத்தான் வந்தது. "திங்கக்கிழமை வேன்ல யாரு போறா?"

"நான் போறேன்" என்றேன்.

"உங்களுக்குக் கத்தி பிடிக்கத்தானே தெரியும். எக்கோ எடுக்கத் தெரியுமா?"

"கத்துக்குறேன்."

"சீக்கிரம் கத்துக்கோங்க. பிள்ளைங்க வளர்ந்துட்டே இருக்காங்க."

அம்மா, இரண்டு திங்கட்கிழமைகள் போய்விட்டு வந்தேன். முதல் நாள் கை தடுமாறியது. நேற்று ஒரு சிறுவனிடம் நோயைக் கண்டுபிடித்தேன். நடக்கிறான், ஓடுகிறான், பந்து விளையாடுகிறான், நெஞ்சில் இருப்பது அவனுக்கே தெரியாது. நாளைக் காலை அவனுக்கு முதல் ஊசி. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.