ஃப்ளோராவுக்கு ஒரு பெட்டி

— உலகத்திலேயே கல்லைக் கும்பிடாத ஒரே சனம் டச்சுக்காரங்க நாமதான், மார்லூஸ். சர்ச்சுல இருந்த சிலையெல்லாம் அடிச்சு நொறுக்கிட்டு, வெறும் சுவரைப் பார்த்து ஜெபம் பண்ணின பரம்பரை!

— அதே பரம்பரைதான் கெர்பன், இந்த அரண்மனைத் தோட்டம் முழுக்க ரோமாபுரிக் கடவுள்களை அம்மணமா நிறுத்தி வச்சது.

— அது அலங்காரம்.

— சரிப்பா, அலங்காரத்துக்குக் குளிர்காலப் பெட்டி மாட்டணும், அந்தப் பக்கம் பிடி. மெதுவா! ஹெர்குலிஸோட கதாயுதத்துல இடிக்குது பாரு.

— பிடிச்சுட்டேன். இரு, அவர் கழுத்துல என்ன அது?

— என்னோட பழைய மப்ளர். உனக்குத் தெரியாம வருஷா வருஷம் கட்டிவிடுவேன்.

— அடிப்பாவி! பளிங்குக்குச் சளி பிடிக்குமா? ராத்திரி தூங்கவைக்கச் சோம்புப் பாலும் உண்டா?

— சிரி, சிரி. அவர் கழுத்துல இதுவரைக்கும் ஒரு விரிசல் கிடையாது.

— மழைத்தண்ணி உள்ளே போய் உறையாம இந்த மரப்பெட்டி காப்பாத்துது. உன் மப்ளர் இல்ல. காபி நேரத்துல எல்லார்கிட்டேயும் சொல்லிச் சிரிக்கப் போறேன் பாரு.

— தாராளமா சொல்லு. அடுத்தது ஃப்ளோரா. பூக்களோட தேவி பாவம், போன பனியில தலை கழண்டு, ஒட்டவச்சு நிக்கிறா. இந்தத் தடவையும் விழுந்தா நிர்வாகம் என்ன பண்ணும்னு தெரியும்ல?

— கிடங்குக்கு அனுப்பிட்டு பிளாஸ்டிக் நகலை நிறுத்துவாங்க. நல்லதுதானே? பாசி பிடிக்காது, தேய்க்கிற வேலை மிச்சம்.

— இத்தனை வருஷமா அவ முகத்தை நீதானே கழுவுற? என்னைத் தொடக்கூட விட்டதில்ல.

— நீ தேய்ச்சா மூக்கு கையோட வந்துடும். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.

— அவளுக்குக் கட்ட என்கிட்ட இன்னொரு மப்ளர் இல்லையே.

— நல்லவேளை! நீ போய்ப் பட்டாணி சூப்பைச் சூடு பண்ணு. இவளை நானே மூடிடுறேன்.

— தனியாவா?

— சின்னப் பெட்டிதானே? போம்மா.

— …கெர்பன்! சூப் கட்டியாப் போச்சு, இன்னும் இங்கேயே நிக்கிற? காதெல்லாம் சிவந்து கிடக்கு. காலையில கழுத்துல ஆரஞ்சு மப்ளர் சுத்தியிருந்தியே, உன் பொண்டாட்டி பின்னினது, எங்கே?

— புழுக்கமா இருந்துச்சு. கழட்டிட்டேன்.

— வாய்க்கால் உறையற குளிர்ல புழுக்கமா? இரு… பெட்டி இடுக்குல ஆரஞ்சு நூல் தொங்குது. கெர்பன்!

— கத்தாதே. இப்பத்தான் தூங்கினா.