வீட்டை எழுதிக் கொடுக்கப்போகும் பெரியக்காவுக்கு

அறுவை அரங்கின் அச்சமறியா அரசியே! காயத்துக்குக் கட்டும், கத்தும் டாக்டர்களுக்குக் கடிவாளமும் போட்ட கைகாரியே! எங்கள் பெரியக்காவே! வணக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் நீங்கள் தந்த உழைப்பையும், எங்களுக்குக் கிடைத்த உரிமைத் திட்டுகளையும் இந்தப் பணி நிறைவு விழா மடலில் வரிசையாய்ப் போற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். முடியவில்லை அக்கா. வயிறெரிகிறது.

ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குமுன், "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்காமல் ஒரு நோயாளியையும் நீங்கள் உள்ளே விட்டதில்லை. அவசரம் என்று குதித்த பெரிய டாக்டரிடமே, "குதிங்க சார், தரை உறுதியாத்தான் இருக்கு" என்றவர் நீங்கள்!

அப்பேர்ப்பட்டவர், உங்கள் தம்பி கொடுத்த வீட்டுப் பத்திர நகலைப் பிரித்தும் பாராமல் உடைமாற்றும் அறையில் பைக்குள் திணித்தீர்கள். "வெறும் உயில்தான்டி. விழா முடிஞ்ச மறுநாள் பதிவுக்கு வரச் சொல்லியிருக்கான்" என்றீர்கள். எங்களுள் வக்கீல் மனைவியானவள்தான் அதைப் பிடுங்கிப் படித்தாள்.

"அக்கா, இது உயில் இல்ல. தானப் பத்திரம்."

"ரெண்டும் வீட்டை அவனுக்குக் குடுக்கிறதுதானேடி?"

"உயில் உங்க காலத்துக்கு அப்புறம்தான் பேசும். நடுவுல மனசு மாறினா மாத்தி எழுதலாம். இது அப்படியில்ல. அவர் ஏத்துக்கிட்டுப் பதிவும் ஆயிட்டா வீடு அவரோடது. நினைச்சப்போ ரத்து பண்ண முடியாது. கடைசி வரைக்கும் நீங்க அங்க இருக்கலாம்னு ஒரு வரிகூட இல்ல."

"கூடப் பொறந்தவன்டி. என்னைத் தெருவுல விடுவானா?"

விடமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒரு வரியை எழுத ஏன் கை வரவில்லை? உயிலென்று உங்களிடம் ஏன் சொன்னார்? முன்வரிசையில் பரிசுப் பொட்டலத்தோடு அமர்ந்திருக்கும் தம்பியவர்களே, எங்களை முறைக்க வேண்டாம், பதில் சொல்லுங்கள்!

இரட்டை டூட்டி பார்த்து, கால் வீங்க நின்று, நீங்கள் கட்டிய வீடு அது. கொடுக்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, அக்கா. தெரியாமல் கொடுக்காதீர்கள் என்று கத்த உரிமையுண்டு!

நோய்நொடியின்றிப் பல்லாண்டு வாழ்க! எவர் தயவிலும் அல்ல, உங்கள் பெயரிலுள்ள வீட்டில், உங்கள் கை போட்ட தாழ்ப்பாளுக்குள் வாழ்க! நாளைக் காலை பதிவு அலுவலகத்துக்கு நீங்கள் தனியாகப் போகப்போவதில்லை. எங்களில் நாலு பேர் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

உங்கள் திட்டு வாங்கியே தொழில் கற்ற
அறுவை அரங்கச் செவிலியரும் உதவியாளரும்